அப்பா பார்க்காமல் சொன்ன பதில்

"விழும்போது கால் ஓடிட்டு இருந்துச்சா, இல்ல நின்னுடுச்சா?"

டாக்டர் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தங்கை மைதானத்தில் விழுந்த நேரத்தில் நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் லீவு கிடைக்காததால் அவளுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நின்னப்புறம்தான் டாக்டர். ஓடி முடிச்சிட்டா. கோட்டைத் தாண்டி நின்னா, அப்படியே சரிஞ்சிட்டா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான் அங்கேயேதான் நின்னேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். என் தங்கையின் உயிர் அந்தப் பதிலைத்தான் நம்பி இருந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். யோசிக்காமல் பதில் சொல்வது அவருடைய தொழில். அதனால்தான் இது அவருடைய கதை.

அப்பா ஒரு பள்ளிக்கூட மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர். புல் வெட்டுவது, ஓடுபாதைக்குத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவது, தாண்டும் தடைகளின் உடைந்த கட்டையை மாற்றுவது, மழை வந்தால் மெத்தைகளை இழுத்து உள்ளே போடுவது எல்லாம் அவர் வேலை. சுண்ணாம்புத் தூள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் கோடு போடுவதைப் பார்க்க வேண்டும். கயிறு கட்ட மாட்டார். எதிரே ஏதாவது ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொண்டு நடப்பார், கோடு நேராக விழும். வீட்டுக்கு வரும்போது புருவம் வரை வெள்ளையாக இருக்கும். "மாவுல உருட்டி எடுத்த மாதிரி வந்து நிக்கறீங்களே, எண்ணெய்ல போட வேண்டியதுதான் பாக்கி" என்பாள் அம்மா.

ஆனால் மைதானத்தில் அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது ஸ்டாப்வாட்ச்தான். போட்டி என்றால் நேரம் எடுப்பவர்களுக்கெல்லாம் தலைமை அவர். பெரியவர்கள் அவரை 'வாட்ச் அண்ணன்' என்பார்கள், பிள்ளைகள் 'வாட்ச் மாமா' என்பார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் வாசல் காவலாளி அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

நேரம் எடுப்பதில் அவருக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. முடிவுக்கோட்டுக்கு நேராகப் படி வைத்த ஒரு மர மேடையில் ஏறி நிற்பார். ஓட்டம் தொடங்கும்போது துப்பாக்கிப் புகையைப் பார்த்துப் பொத்தானை அமுக்குவார். சத்தம் தாமதமாக வரும் என்பதால் காதை நம்ப மாட்டார். ஓடுகிறவர்கள் பாதித் தூரம் வருவதற்குள் கண்ணைக் கொண்டுபோய்க் கோட்டின்மேல் ஊன்றிவிடுவார். பிறகு உலகமே இடிந்தாலும் நிமிர மாட்டார். தலையோ கையோ காலோ கோட்டைத் தாண்டினால் அவருக்குக் கணக்கில்லை. நெஞ்சு தாண்ட வேண்டும். தாண்டிய நொடியில் கட்டைவிரல் அமுங்கும், கண் குனிந்து வாட்சைப் பார்க்கும், வாய் நேரத்தைச் சத்தமாகச் சொல்லும். மூன்றும் ஒன்றாக நடக்கும்.

"முகத்தைப் பாத்தா மனசு முந்தும். மனசு முந்தினா விரல் முந்தும்" என்பார், புதிதாக வாட்ச் பிடிக்க வருகிறவர்களிடம். இன்னொன்றும் சொல்வார். "சொல்றதைத் தயங்காம சொல்லணும். 'இருக்கும்னு நினைக்கறேன்'னு இழுத்தா, அப்புறம் எவன் நம்புவான்?"

அதனால் ஆயிரக்கணக்கான ஓட்டங்களில் நின்ற அப்பா ஒரு ஓட்டத்தையும் பார்த்ததில்லை. யார் எந்தச் சட்டை போட்டு ஓடினார்கள், யார் கடைசி நொடியில் முந்தினார்கள் என்று கேட்டால் விழிப்பார். அம்மா இதை வைத்து அவரைப் பாடாய்ப் படுத்துவாள். "கல்யாணத்தன்னைக்கு என் மூஞ்சியையா பாத்திருப்பாரு? வாசப்படியைப் பாத்துட்டு, எப்ப தாண்டுறான்னு நின்னிருப்பாரு."

ஒரு முறை, ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் தன் மகனுக்கு நேரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லச் சொல்லித் தோளில் கை போட்டார். அப்பா கையை மெதுவாக எடுத்துவிட்டார். "வாட்சுக்குப் புள்ளைக்குட்டி கிடையாதுங்க" என்றார். மைதானத்தில் அவர் சொன்னால் சரி. யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். கேட்காமலேயே பழகிவிட்டது, அவருக்கும் மற்றவர்களுக்கும்.

தங்கையை நாங்கள் பம்பரம் என்போம். பாத்திரம் கழுவும்போதுகூட ஒரு கால் தரையில் நிற்காது. கடைக்கு அனுப்பினால் அனுப்பியவர் கதவைச் சாத்துவதற்குள் திரும்பி வந்திருப்பாள், பாதி சாமான் மறந்திருக்கும். பள்ளியில் அவளை முந்த ஆள் இல்லை. ஆனால் அப்பா ஒரு தடவைகூட அவளுக்கு நேரம் எடுத்ததில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் ஒருவர் வாட்ச் பிடிப்பார்கள். மகள் ஓடும் தடத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அப்பா பக்கத்துத் தடத்தை எடுத்துக்கொள்வார்.

"ஒரே ஒரு தடவை எனக்கு எடுங்கப்பா."

"நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"அப்போ நான் உங்க பொண்ணா இல்லாம இருந்தா எடுப்பீங்களா?"

"தாராளமா."

"சரி, என்னைத் தத்துக் கொடுத்துடுங்க."

முதல் தடவை அவள் விழுந்தது பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில். அப்பா பக்கத்துத் தடத்தின் வாட்சோடு மேடையில் நின்றார். தங்கையும் அந்தத் தடத்துப் பெண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். அப்பா அமுக்கினார், குனிந்தார், நேரத்தைச் சொன்னார். நிமிர்ந்தபோது கோட்டுக்கு அப்பால் தங்கை கிடந்தாள், ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, "ஜெயிச்சேனா?" என்று கேட்டாளாம்.

ஓட்டம் முடிந்து தரையில் விழுந்து கிடக்கும் பிள்ளைகளை அப்பா நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார். எல்லோரும் நின்ற பிறகு கால் துவண்டு விழுந்தவர்கள்தான். அதனால் டாக்டர் கேட்டபோது, தான் பார்க்காத அந்த ஒரு நொடியை, ஏற்கெனவே பார்த்த நூறு நொடிகளை வைத்து நிரப்பிவிட்டார். பொய் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது. தயங்காமல் சொன்னார், அவ்வளவுதான்.

தங்கைக்கு ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் பசை தடவி எக்கோ பார்த்தார்கள். "அக்கா, ஐஸ்ல படுக்க வெச்ச மீன் மாதிரி இருக்கு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இதயத்தின் அறைகள் சரியான அளவில் இருந்தன, வால்வுகள் ஒழுங்காக மூடித் திறந்தன. டாக்டர் பொறுமையாக விளக்கினார். வேகமாக ஓடி டக்கென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்குப் போகாது, மயக்கம் வரும். வளரும் பிள்ளைகளுக்கு இது சகஜம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கோட்டைத் தாண்டிய பிறகும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓடி நிற்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கை சொன்னாள். "அப்பா, கோடு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. நின்னது ஞாபகமே இல்லையே. எப்போ நின்னேன்?"

"மயக்கம் போட்டவளுக்கு ஞாபகம் எங்கிருந்து வரும்? நான்தான் பாத்தேனே."

"நீங்கதான் யாரையும் பாக்க மாட்டீங்களே!"

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதை அப்பா அட்சரம் பிசகாமல் செய்தார். பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி அவள் கழுத்தில் மாட்டாத குறையாகக் கொடுத்தார். முடிவுக்கோட்டுக்கு அப்பால் இன்னொரு கோடு போட்டு, "இதுவரைக்கும் மெதுவா ஓடணும், அப்புறம்தான் நிக்கணும்" என்றார். தங்கை அதற்கு 'மாமியார் கோடு' என்று பெயர் வைத்தாள். தாண்டினாலும் திட்டு, தாண்டாவிட்டாலும் திட்டு.

எங்கள் வீடு மேல்மாடியில். ஒருநாள் கீழ் வீட்டுப் பையனோடு பந்தயம் கட்டிக்கொண்டு படியேறி வந்தவள் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். கையை நெஞ்சுக் குழியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"உள்ள யாரோ கயிறு போட்டு இறுக்கற மாதிரி இருக்கும்மா. வேகமாப் போனா மட்டும் வருது. இப்போ போயிடுச்சு."

அம்மா பயந்தாள். அப்பாவிடம் சொன்னாள். அப்பா, ஓடுகிற பிள்ளைகளுக்கு மூச்சுப் பிடிப்பு வருவது வழக்கம்தான் என்றார். "அதான் எல்லாம் பாத்தாச்சே. இதயம் நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே." அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது அப்பா சொன்னதை வைத்துத்தான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய போட்டி ஒன்று வரவிருந்தது. அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், வாட்ச் பிடிப்பவர்கள் யாரும் இல்லாத சாதாரணப் பயிற்சியில், தங்கை மறுபடி கெஞ்சினாள். போட்டி இல்லை, பரிசு இல்லை, தனியாகத்தான் ஓடப் போகிறாள், நாலு பேர் பேச என்ன இருக்கிறது? அன்று அப்பாவிடம் மறுப்பதற்குக் காரணம் இல்லை. விளையாட்டு ஆசிரியர் அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து எறியச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்சியை எனக்குச் சொன்னவர் அவர். அப்பா இதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசியதில்லை.

அப்பா மேடையில் ஏறி நின்றார். கையைத் தூக்கி இறக்கினார். தங்கை கிளம்பினாள். மகளுக்கு முதல் தடவையாக நேரம் எடுக்கிறார், அதனால் வழக்கத்தைவிட ஒரு படி அதிகமாகவே ஒழுங்காக இருந்தார். கண்ணைச் சீக்கிரமே கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கட்டைவிரல் பொத்தானின் மேல் தயாராக இருந்தது. மகளின் நெஞ்சு அந்த வெள்ளைக் கோட்டுக்கு மேலே வருவதற்காகக் காத்திருந்தார்.

அவள் கடைசி வளைவில் விழுந்துவிட்டாள்.

அப்பா கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வர வேண்டிய நேரம் தாண்டியும் நிமிரவில்லை. விளையாட்டு ஆசிரியர் கத்திக்கொண்டே ஓடினார். "அண்ணே! நிமிருங்கண்ணே! இங்க பாருங்கண்ணே!"

ஆசிரியர் அவள் நெஞ்சில் கை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியிலும் வெகுநேரம் முயன்று பார்த்தார்கள். நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது வராந்தா பெஞ்சில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். புருவத்தில் சுண்ணாம்பு இருந்தது. கையில் வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அவர் விரல்களைப் பிரித்து வாட்சை வாங்கி நிறுத்தினாள். ஏன் அழாமல் அதை முதலில் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது என்றாள் பிறகு.

உடலைத் திறந்து பார்த்த பிறகு காரணம் தெரிந்தது. அதே டாக்டர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். என்னையும் சோதித்துவிடலாம் என்று சொன்னார், ஒரே வீட்டில் பிறந்தவர்களில் சில சமயம் இன்னொருவருக்கும் இருக்கலாம் என்பதால். தங்கை படுத்த அதே கட்டிலில் நான் படுத்தேன். பசை ஐஸாகத்தான் இருந்தது.

டாக்டர் இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். கருவியை ஒரே இடத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். திரையை அப்பா பக்கம் திருப்பினார்.

"இதயம் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புது. ஆனா அதுக்கும் ரத்தம் வேணும்ல? அதுக்குன்னே தனியா ரெண்டு குழாய் இருக்கு. பெரிய ரத்தக்குழாயோட அடியிலிருந்து, இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு கிளம்பும். இதோ பாருங்க, இவளுக்கு இங்க ஒண்ணு. இதோ இங்க இன்னொண்ணு. சரியாத்தான் இருக்கு. எதுக்கும் மருந்து ஏத்தி ஒரு சி.டி. ஸ்கேனும் எடுத்துடலாம்."

"சின்னவளுக்கு?" என்றார் அப்பா.

"இடப்பக்கக் குழாயும் வலப்பக்கத்துலேயே ஆரம்பிச்சிருக்கு. பிறக்கும்போதே அப்படி. அது திரும்பி வர்றதுக்கு ரெண்டு பெரிய ரத்தக்குழாய்க்கு நடுவுல புகுந்து வரணும். வாயும் கீறல் மாதிரி ஒடுங்கி இருந்திருக்கு. சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, ஈசிஜி கூட நல்லாவே வரும். வேகமா ஓடும்போது இதயம் அதிகமா ரத்தம் கேக்கும். அந்த நேரத்துல இந்தக் குழாய் நசுங்கிடும்."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதே மாதிரி அன்னைக்குப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

டாக்டரும் திரையைப் பார்த்தார். "தெரிஞ்சிருக்கலாம். இது ரொம்ப அபூர்வம். சின்ன வாய், தேடிப் போனாத்தான் கண்ணுல படும். ஓடிட்டு இருக்கும்போதே விழுந்தான்னு தெரிஞ்சா, தேடுவோம். கிடைக்கலைன்னா ஸ்கேன் எடுப்போம். முடிவு தெரியற வரைக்கும் ஓடவே விட மாட்டோம். ஆபரேஷன் பண்ணிச் சரிபண்ணவும் வழி இருக்கு. நின்னப்புறம் விழுந்தான்னு சொன்னதால..."

அப்பா என் அப்பாவைப் போலவே இல்லாத ஒரு குரலில் சொன்னார்.

"நான் பாக்கல டாக்டர்."

"என்ன?"

"அவ விழுந்ததை நான் பாக்கல. குனிஞ்சு வாட்சைப் பாத்துட்டு இருந்தேன். நிமிர்ந்தப்போ கீழ கிடந்தா. நின்னிருப்பான்னு நெனச்சேன். நெனச்சதைப் பாத்ததாச் சொல்லிட்டேன்."

டாக்டர் கையிலிருந்த கருவியைத் துடைத்து மாட்டினார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"நான் அவளைக் கேட்டிருக்கணும்" என்றார். "விழுந்தவ அவதானே. எனக்கு எதிர்லதான் உக்காந்திருந்தா. உங்களைக் கேட்டேன், நீங்க அவ்வளவு தெளிவாச் சொன்னீங்க, அதோட விட்டுட்டேன்."

அவள் அன்று வாயைத் திறந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பஸ்ஸில் கேட்டதும் ஞாபகம் வந்தது. நான் அதை அங்கே சொல்லவில்லை. அப்பாவுக்கும் ஞாபகம் வந்திருக்கும். சொல்லி என்ன ஆகப் போகிறது?

அப்பா மைதான வேலையை விடவில்லை. விட்டால் சாப்பாட்டுக்கு வழி இல்லை. கோடு போடுகிறார், தண்ணீர் தெளிக்கிறார். வாட்சை மட்டும் தொடுவதில்லை. இப்போது வேறு ஒருவர் மேடையில் நிற்கிறார். போட்டி நடக்கும்போது அப்பா கடைசி வளைவில் போய் நின்றுகொள்கிறார், முடிவுக்கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஓடி வரும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்க்கிறார். "வாட்ச் மாமா ஏன்டா முறைக்கறாரு? பயத்துலேயே வேகமா ஓடிட்டேன்" என்று ஒரு பையன் நண்பனிடம் சொன்னதை நானே கேட்டேன். யார் ஜெயித்தார்கள் என்று இப்போதும் அவருக்குத் தெரியாது.

ஒரு பையன் ஓட்டத்தின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா அவனை அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். எல்லாச் சோதனையும் செய்தார்கள், ஒன்றும் இல்லை, சதைப் பிடிப்புதான். பையனின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள். "உங்க வீட்ல நடந்ததுக்காக எங்க வீட்லயும் நடக்கணுமா? என் புள்ள இப்போ ராத்திரியெல்லாம் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறான்!" அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். "ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதே, அது போதும்மா" என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகு கதவைச் சாத்தாமல் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அம்மா இப்போது கேலி பேசுவதில்லை. சலவை நிலையத்திலிருந்து வந்தால் சாப்பாடு எடுத்து வைக்கிறாள், படுத்துக்கொள்கிறாள். மாடிப்படியில் யாராவது வேகமாக ஏறி வந்தால் அவளும் அப்பாவும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

என் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நான் பள்ளியை முடித்துவிட்டேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிலும் உட்கார முடியவில்லை. இதை எழுத மட்டும் உட்கார்ந்தேன். எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது, "நான் பாக்காம சொன்னதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு பிள்ளை ஓடும்போது, நீந்தும்போது, விளையாடும்போது மயங்கி விழுந்தால், வேகமாகப் போனால் மட்டும் நெஞ்சு இறுக்குகிறது என்று சொன்னால், அந்தப் பிள்ளையையே பேச விடுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் சரியான இடத்தில்தான் ஆரம்பிக்கின்றனவா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அதுவே போதும்.

ஓடுகிற பிள்ளை இருக்கும் வீடு ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். எங்கள் பம்பரத்தின் கதை என்றே சொல்லுங்கள்.